பூஜ்யம் என்றால் நில்

நான் உருவாக்கிய ப்ராசசரில் பூஜ்யம் என்ற கட்டளைக்கு ‘நில்’ என்று பொருள். அதை என்னைக் கேட்காமலே மாற்றிவிட்டார்கள்.

மாற்றியவர் பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஜெபராஜ். பாடம் நடத்த வேண்டுமென்று கேட்டார் என்பதற்காக, நானே படித்து எழுதிய கட்டளைகள், அவற்றை எண்களாக மாற்றும் அசெம்பிளர், கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். இன்று இராஜாக்கமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அகப்பட்டார்.

“சாரே, பூஜ்யத்த என்ன செஞ்சு வச்சிருக்கீரு?”

“நெறைய ப்ராசசர்ல பூஜ்யம்னா ஒண்ணும் செய்யாம அடுத்ததுக்குப் போறதாக்கும் அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு அது எளுப்பம்.”

“புரோகிராம் வழி தப்பி வெறும் மெமரிக்குள்ள போனா, அங்க பூராவும் பூஜ்யந்தான்; என் ப்ராசசரு அங்கயே நிக்கும். உம்மது ஓடிட்டே இருக்கும்.”

“ஓடட்டுமே. கடல்லயா போய் விழப்போவுது?”

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டவில்லை.

“அப்போ நீரு பிள்ளைகளுக்குக் குடுக்க பாடக் கையேட்டுல எம்பேரு எதுக்கு?”

“ஒரு மரியாதைக்காக்கும்.”

ஓடுகிற மிஷினை நிறுத்தத் தெரியாதவன் என்று நாளைக்குப் பேர் கெடப்போவது எனக்கு.

ஆகவே, ஜெபராஜ் பூஜ்யத்தைப் பழையபடி ‘நில்’ ஆக்க வேண்டும். மனமில்லை என்றால் கையேட்டில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது தேவலை என்று சொல்ல வேண்டும். “போட்டும், விடுங்க அண்ணாச்சி” என்று இந்தப் பதிவுக்குக் கீழே எழுத வருகிறவர்கள் முதலில் ஒரு அசெம்பிளர் எழுதிவிட்டு வர வேண்டும்.