வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை விட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருடம் சர்வர்களைக் கட்டி மேய்த்தவன். ராஜினாமாக் கடிதத்தைப் படித்த மேனேஜர், சென்னைக்காரர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கம்பத்துக்குப் போய் என்னப்பா பண்ணப்போற?"

"திராட்சை விவசாயிங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்து மேல வர்ற மாதிரி ஒரு ஏற்பாடு சார். மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்னு யாரும் இல்லாம."

"அதுக்கு நீ எதுக்கு?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

என் ஏற்பாடு

கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியைச் சுற்றி நாற்பது தோட்டக்காரர்களைச் சேர்த்தேன். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட சமயம் அது. யார் தோட்டத்தில் நோய் தெரிந்தாலும் எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். நான் பெரியகுளத்தில் இருக்கும், தோட்டக்கலை படித்த நண்பனிடம் கேட்டு உறுதி செய்வேன். பிறகு லேப்டாப்பிலிருந்து நாற்பது பேருக்கும் ஒரே தட்டில் செய்தி போய்விடும்.

"உறுதியாகாத சேதியை நீங்களா யாருக்கும் சொல்லிப் பதற வைக்காதீங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். படித்த பையன் சொல்கிறான் என்று அவர்களும் மதித்துக் கேட்டுக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த ஐப்பசி

செல்லத்தாய் அக்காவுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. கொடியைக் கவாத்து வெட்டுவது முதல் மருந்து அடிப்பது வரை முன்னால் நின்று பார்ப்பவர். பந்தலுக்குள் குனிந்து நடந்தே அவருக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். ஒரு நாள் காலையில் இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணத்தைப் பார்த்திருக்கிறார். அடிச்சாம்பல் நோய். உடனே மகளை விட்டு எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லிவிட்டார்.

என் போன் அணைந்து கிடந்தது. கூடலூரில் ஒரு கூட்டத்தில், விவசாயிகள் யாரையும் நம்பி இருக்கக் கூடாது என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் செய்தியைப் பார்த்தேன். பெரியகுளம் நண்பன் லைனில் கிடைக்கவில்லை. உறுதி செய்யாமல் அனுப்புவதில்லை என்பது என் கொள்கை ஆயிற்றே, காத்திருந்தேன். இரவு முழுக்க மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம்தான் நாற்பது பேருக்கும் செய்தி போனது.

அடுத்த தோட்டம் முருகேசண்ணனுடையது. அவர் கொடிகள் பூவெடுத்திருந்த பக்குவம். மழைக்கு முன் மருந்து அடித்திருந்தால் தப்பியிருக்கும். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் பூவும் பிஞ்சும் கருகிவிட்டன. வருடத்துக்கு மூன்று அறுப்பு எடுக்கும் தோட்டம்தான். ஆனால் அந்த அறுப்பைத்தான் அவர் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தார்.

பார்க்கப் போனேன். செல்லத்தாய் அக்காவும் அங்கே நின்றார்.

"அக்கா, அன்னைக்கு அண்ணன் தோட்டத்துல இல்லையா?"

"இருந்தாரே. இந்தா, வேலிக்கு அங்கிட்டுதான் நின்னு பீடி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. சாப்டாச்சான்னுகூடக் கேட்டேன்."

"பின்ன சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குத்தான் சேதி அனுப்பியாச்சே தம்பி. நீங்க பாத்து எல்லாருக்கும் சொல்லுவீகன்னு இருந்துட்டேன். நாமளா சொல்லப்படாதுன்னு நீங்கதான சொன்னீக?" அவர் கண் கலங்கிவிட்டது. "வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். எம் புத்திய எதால அடிக்க?"

முருகேசண்ணன் கருகிய கொத்து ஒன்றை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாகச் சொன்னார்.

"அவளச் சொல்லிக் குத்தமில்ல. தம்பி, நீங்க வேலைய விட்டுட்டு வந்துட்டீகன்னு சொன்னாக. மேனேஜர் வேலைய மட்டும் விடல போல."

ஒரே மெஷினை நம்பி மொத்த சிஸ்டத்தையும் கட்டக் கூடாது, அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும் என்று கம்பெனியில் பக்கம் பக்கமாக மெயில் எழுதியவன் நான். இங்கே அந்த ஒரே மெஷின் நானாகத்தான் இருந்தேன். தண்டனை மட்டும் அவருக்கு.

லேப்டாப் இல்லாமல்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரையும் முருகேசண்ணன் தோட்டத்துக்கே வரச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். விதியை அவர்களே போட்டார்கள். நோயைப் பார்த்தவர் முதலில் பக்கத்துத் தோட்டக்காரரைக் கூட்டி வந்து இலையைத் திருப்பிக் காட்ட வேண்டும். அவர் தன் பக்கத்துக்காரருக்குக் காட்ட வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் காட்டலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. என் நம்பர் எந்த வரிசையிலும் வரவில்லை. சேர்க்கச் சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். முருகேசண்ணன் மகள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளித்தான் நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றச் சொன்னவர் அவர். அந்த மனுஷரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அடுத்த ஐப்பசியில் ஒரு காலை அந்தப் பக்கம் போனேன். தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்பிரேயர் சத்தம். முருகேசண்ணன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நோய் வந்திருச்சா?"

"நேத்துக் காலையில வெள்ளனயே செல்லத்தாயி வந்து கூட்டிட்டுப் போயிக் காட்டிருச்சு. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூராம் தெரிஞ்சுபோச்சு." துண்டை இறக்கிவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஏன் தம்பி, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: அந்தச் சுருக்கைத் தாங்கிக்கொள்ளப் பழகுங்கள். வேலையை விடுவது அன்றைக்குத்தான் முடிகிறது.

"இல்லண்ணே, யாருமே சொல்லல" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.