கோலெட் கடையில் பூட்டிய கதவு

நோரீன் டிராம்ப்ளி பொய் சொல்கிறவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கீஸ்வில் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். ஒரு தடவை இறுதி ஆட்டத்தில், நடுவர் கவனிக்காத தப்பைத் தானே போய்ச் சொல்லி, கைக்கு வந்த கோப்பையை விட்டுக்கொடுத்தவள். எனக்குப் பக்கத்து வீடு. நான் இப்போது சொல்லப்போகிறதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மணி, நிமிஷம் தவறாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவள் கை என் சமையலறை மேஜை விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது.

யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இது நடந்தது.

முதலில் பழைய விஷயம். 1997, ஜூன் 14. சனிக்கிழமை. நோரீனின் சாஃப்ட்பால் அணியில் பதினோரு சிறுமிகள். எல்லோருக்கும் பத்து, பதினொரு வயது. ஜெயித்தால் கோலெட் கடை. தோற்றாலும் கோலெட் கடை. ரூட் ஒன்பது நெடுஞ்சாலையில், ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்கும் வெள்ளை மரக் கொட்டகை அது. எங்கள் பக்கத்தில் யாரும் ஹாட் டாக் என்று கேட்க மாட்டார்கள். மிஷிகன் என்றுதான் கேட்போம். பன்னுக்குள் சாசேஜ், அதன் தலையில் காரமான கொத்துக்கறிக் குழம்பு. வெங்காயத்தைக் குழம்புக்கு மேலே தூவலாம். அடியில் போட்டுக் குழம்பால் மூடினால், அதற்கு 'புதைச்சது' என்று பெயர்.

அன்று ஜெயித்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பள்ளி வேனில் ஏறினார்கள். நோரீன் தலையை எண்ணினாள். பதினொன்று. கிளம்பிவிட்டாள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று அணியைச் சேர்ந்தது இல்லை. பெக்கா என்ற பெண்ணின் தங்கை ஏமி, ஏழு வயது. அம்மாவின் காரில் வந்தவள், அக்காவோடு போகவேண்டும் என்று கடைசி நேரத்தில் வண்டிக்குள் நுழைந்து குனிந்து உட்கார்ந்துகொண்டாள். ஷானா ரபிடோ அப்போது கடைக்குப் பின்னால் கழிவறையில் இருந்தாள்.

வெளியே வந்தவள் வண்டி திரும்புவதைப் பார்த்திருக்கிறாள். பின்னாலேயே ஓடியிருக்கிறாள். வண்டிக்குள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. மரம் ஏற்றி வந்த லாரிக்காரனும் அவளைக் கடைசி நொடியில்தான் பார்த்தான்.

யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஷானாவின் அம்மா லோரெயின் மட்டும், கல்லறையில் வைத்து, நோரீனிடம் ஒரே வார்த்தை கேட்டாள்.

"எண்ணலையா?"

அதற்குப் பிறகு நோரீன் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. லோரெயின் குடியிருந்த தெருப் பக்கமே போகவில்லை. லோரெயினுக்குப் புற்றுநோய், படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டபோதும் போகவில்லை. என்ன முகத்தோடு போவாள்?

இருபத்தாறு வருஷம் ஓடியது.

2023, ஜூன் 17. அதுவும் சனிக்கிழமைதான். ஏமிக்கு இப்போது முப்பத்து மூன்று வயது, ஏழு மாத கர்ப்பம். அவள்தான் போன் செய்தாள். "கோச், குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கோலெட் கடைக்குப் போகணும். அக்கா வரா. அன்னைக்கு டீம்ல இருந்த ஜில், டெனீஸ், கேரன் எல்லாரும் வராங்க. நீங்க வரலைன்னா நானும் போகல."

"நான் எதுக்கும்மா?"

"அன்னைக்கு நான் வண்டியில ஏறியிருக்கக் கூடாது, கோச். இதை வேற யார்கிட்ட நான் சொல்ல முடியும்?"

நோரீன் தன் வெள்ளை ஏழு சீட்டு வண்டியை எடுத்தாள். ஐந்து பெண்கள், அவளோடு ஆறு பேர். கடைசி வரிசையில் ஒரு சீட் காலி.

மாலை 6:15. கடையில் கூட்டம். பெக்கா இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், வாய் அடங்காதவள். "கோச், ரெண்டு மிஷிகன் தின்னா மைதானத்தை ரெண்டு சுத்து ஓடணும்னு சொல்வீங்களே, அந்தச் சட்டம் இன்னும் இருக்கா?"

"உனக்கு நாலு சுத்து."

"ஐயோ! இந்தப் பூசணிக்காயை விட்டுடுங்க, அவ ஓட ஆரம்பிச்சா கடை இடிஞ்சிரும்." ஏமி அக்காவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நோரீனும் சிரித்தாள்.

ஜன்னலில் ஆர்டர் எடுத்த பெண், "வெங்காயம் மேலயா, புதைச்சா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "மேலயே போடும்மா," என்றாள் பெக்கா மெதுவாக.

6:40. ஏமி கழிவறைக்குப் போய்விட்டு உடனே திரும்பினாள். "உள்ள யாரோ இருக்காங்க. சின்னப் பொண்ணு. ஒரு நிமிஷம்னு சொல்றா."

6:52. மறுபடியும் போனாள். மறுபடியும் அதே பதில்.

"அவ்ளோ நேரமாவா? உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ," என்றாள் ஜில்.

நோரீன் எழுந்து ஜன்னலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கண்ணைச் சுருக்கினாள்.

"எது, பின்னாடி ஏரிப் பக்கம் இருக்கறதா? அது ஏப்ரல்லேருந்து பூட்டித்தான் கிடக்கு. பனியில குழாய் வெடிச்சுப் போச்சு. சாவி இதோ, ஆணியில தொங்குது பாருங்க. நீங்க பக்கவாட்டுல இருக்கற இன்னொண்ணுக்குப் போங்க."

"அந்தச் சாவியைக் கொஞ்சம் குடும்மா."

7:08. கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏரிக் காற்று. கதவின் பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது. நோரீன் இரண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.

"ஒரு நிமிஷம்..."

கொஞ்சம் மூக்கடைத்த குரல். ஜூன் மாதம் வந்தால் ஷானாவுக்கு மூக்கடைத்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு நடுவில் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருப்பாள்.



"இதோ வந்துடறேன்... போயிடாதீங்க..."

நோரீன் கதவோரம் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாவியைப் போட்டுத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவசரப்படுத்தத் தோன்றவில்லை.

"போகல, கண்ணு. நீ மெதுவா வா. நான் இங்கதான் இருக்கேன்."

அவளைத் தேடிக்கொண்டு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "என்ன கோச், தரையில..." என்று ஆரம்பித்த பெக்கா, கதவில் காதை வைத்தாள்.  அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். 

ஆறு பேரும் காத்திருந்தார்கள்.

7:41. தண்ணீர் நின்றது.

தாழ்ப்பாள்... 'க்ளக்.'

கதவு ஒரு சாண் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. தொட்டியில் தூசி. பெக்கா குழாயைத் திருகிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

ஏமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வந்துட்டா, கோச். வெளியில வந்துட்டா."

7:50. வண்டி கிளம்பியது. கிளம்பும் முன் நோரீன் கண்ணாடியில் பார்த்து எண்ணினாள். மனசுக்குள்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து...

ஆறு.

திரும்பிப் பார்த்து எண்ணினாள். ஐந்து.

முன்பக்கம் திரும்பி வண்டியை எடுத்தாள். குறைந்தால்தானே பயம்? கூடியிருக்கிறது. கூடியிருக்கட்டும்.

ஜில்லை இறக்கினாள். டெனீஸை இறக்கினாள். கேரனை இறக்கினாள். ஒவ்வொருத்தியும் இறங்கும்போது கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினாள்.

8:38. பெக்கா வீடு. அக்காவும் தங்கையும் இறங்கினார்கள். ஏமி ஜன்னல் வழியாகக் கையை விட்டு நோரீனின் தோளைப் பிடித்தாள்.

"அவளை வீட்டுல கொண்டு போய் விட்டுடுங்க, கோச்."

"நான் கூட வரட்டுமா?" என்றாள் பெக்கா.

"வேண்டாம்மா."

தெருமுனை வந்தது. வலப்பக்கம் திரும்பினால் நோரீனின் வீடு. இடப்பக்கம் போனால் லோரெயினின் தெரு.

பின்னால்... 'டக்.'

சீட் பெல்ட் மாட்டும் சத்தம்.

நோரீன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தால் காலியாக இருந்துவிடுமோ என்ற பயம்.

இடப்பக்கம் திரும்பினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். "அன்னைக்கு எண்ணினேன்டா. சத்தியமா எண்ணினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். ஒவ்வொரு பேரா கூப்பிட்டிருக்கணும்..."



மூச்சு மட்டும்... பின்னால்... மெதுவாக.

8:52. லோரெயினின் வீடு. நிறுத்தினாள்.

'பீப்... பீப்... பீப்...'

பின்கதவு தானாக நகர்ந்தது. சர்ர்ர்...

நோரீன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கிவிட்டு, வாசல் விளக்கு எரியும்வரை காத்திருப்பாள். எரிந்தால்தான் நகர்வாள்.

காத்திருந்தாள்.

வாசல் விளக்கு எரிந்தது.

"குட் நைட், ஷானா."

கதவை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். வழி நெடுக அழுதாள். அன்று இரவு, இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு, மாத்திரை போடாமல் தூங்கினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மறுநாள் காலை 9:15. போன் அடித்தது.

"நோரீன் மேடமா? என் பேர் மரிசோல். ரபிடோ அம்மாவைப் பார்த்துக்கற நர்ஸ், போன வாரம்தான் வந்தேன். ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பழைய சாஃப்ட்பால் லிஸ்ட் ஒட்டியிருக்கு. அதுல கோச்னு போட்டு உங்க நம்பர் இருந்துச்சு. அம்மா விடியக்காலை நாலரைக்குத் தவறிட்டாங்க."

நோரீன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து வெள்ளை வண்டியில வந்தது நீங்கதானே?"

"ஆமா."

"வண்டிக் கதவு திறந்துச்சு. யாரோ வராங்கன்னு நான்தான் வாசல் லைட்டைப் போட்டேன். யாருமே இறங்கல. கதவை மூடிட்டுப் போயிட்டீங்க."

"இறங்கலையா?"

"இல்லையே. ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன். அந்தப் பொண்ணு வந்தது அதுக்கு ரொம்ப நேரம் கழிச்சு. ஒன்பதே முக்கால் இருக்கும்."

நோரீன் போனைக் காதோடு அழுத்தினாள். "எந்தப் பொண்ணு?"

"பேத்தின்னு நினைச்சேன். பத்து, பதினொரு வயசு இருக்கும். விளையாட்டு டிரெஸ். மூச்சு வாங்க வாங்க ஓடி வந்தா, மேடம். முழங்கால் வரைக்கும் ரோட்டுப் புழுதி. கதவைத் திறந்ததும் என்னைத் தாண்டி நேரா அம்மா ரூமுக்குள்ள போயிட்டா. அம்மா மூணு வாரமா வாயே திறக்கலைன்னு கேள்வி. அவங்க குரல் எனக்கு நல்லாவே கேட்டுச்சு. 'ஏன்டி இவ்ளோ நேரம்?'னு கேட்டாங்க. காலையில பார்த்தா அந்தப் பொண்ணைக் காணோம்."

"அவ... என்ன சொன்னா?"



"'கோச் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா'ன்னா. தப்பா எடுத்துக்காதீங்க, மேடம்... அவ்ளோ சின்னப் பொண்ணை ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

நோரீன் போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கோலெட் கடைக்குப் போனாள். கடை இன்னும் திறக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். ஏரிச் சத்தம் மட்டும்தான்.

முந்தின இரவு வண்டியில் மூச்சு விட்டபடி வந்தது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

லோரெயினின் வீட்டு வழியாகத் திரும்பும்போது மைல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோலெட் கடையிலிருந்து லோரெயினின் வீடு பத்து மைல். பதினொரு வயசுக் கால் நடந்தும் ஓடியும் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பிடிக்கும். 7:50-லிருந்து ஒன்பதே முக்கால்வரை.