மாப்பிள்ளை விருந்தும் லெப்டினும்

இண்டூரில் பெரியம்மா வீட்டு விருந்து. இலைக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "போதுங்க அத்தை" என்றார் மாமா. என் அக்காவைப் போன மாதம் கட்டிக்கொண்டவர். பெரியம்மா சிரித்த முகத்தோடு அவருடைய விரல் இடுக்கு வழியாகவே கோழிக்குழம்பை ஊற்றினார். அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. இது லெப்டின் அல்லவா!

நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. கொழுப்புச் செல்கள் நிரம்பினால் லெப்டின் என்ற புரதத்தை ரத்தத்தில் அனுப்பி, 'கையிருப்பு போதும்' என்று மூளைக்குச் சேதி சொல்லும். கொழுப்பு கூடக்கூடச் சேதியும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் மூளை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அப்படியே பெரியம்மா.

மாமாவுக்கு இது விளையாட்டில்லை. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். இன்னும் மிச்சமிருப்பது நடைச் சோதனை. நெடுந்தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். இடையில் எங்கள் சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் கூப்பிட்டு ஆக்கிப்போடுகிறார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டைத் தவிர்த்தால் அடுத்த காதுகுத்து வரை பேச்சு கிடையாது. கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டின் கொக்கி ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டது.

"கல்யாணச் சதைடி. பொண்ணு வூட்டுச் சோறு ஒடம்புல ஒட்டுதுன்னு அர்த்தம்" என்று பெரியம்மா பூரித்துப்போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"பெரிம்மா, கொழுப்பு தானா வந்து ஒட்டிக்கிறதில்ல. என்னவா ஆவறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லுங்க ஒடம்புல இருக்கு. சில புரதம் 'நீ கொழுப்பா மாறு'ன்னு உத்தரவு போடும். சிலது 'மாறாத'ன்னு தடுக்கும். பரம்பரை, தூக்கம்னு இன்னும் எவ்வளவோ இருக்கு."

பெரியம்மா கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக் கேட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அப்ப, குண்டாவறது சோத்தால இல்லியா?"

"சோத்தால மட்டும் இல்ல பெரிம்மா."

"கேட்டீங்களா மாப்ள? படிச்ச புள்ளயே சொல்லுது. உத்தரவு போடறவன் வேற எவனோ. நீங்க பயப்படாம சாப்புடுங்க!"

நான் சொன்ன 'மட்டும்' குழம்போடு போயிற்று. அந்தரத்தில் நின்ற கரண்டி இலைக்கு இறங்கியது.

பஸ் ஏறுவதற்குள் என் ஆராய்ச்சி ஏரியூர் வரை போய்விட்டது. அங்கிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, கறிக்கும் தொப்பைக்கும் சம்பந்தமே இல்லியாமே? ஞாயித்துக்கெழம ஆடு அடிச்சிரலாம். மாப்ளகிட்ட சொல்லீரு."

பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாப்பா, நீ வாயத் தொறக்கற வரைக்கும் ஒத்தக் கரண்டி. தொறந்த பொறவு அண்டாவே வந்துருச்சு."

அக்கா சிரிக்கவில்லை. "இத உட்டா அடுத்த தேர்வு எப்ப வருமோ. அதுக்குள்ள இவருக்கு வயசு தாண்டிரும்டி."

யோசித்தேன். விருந்தை நிறுத்தும் புரதம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் நடக்கிற தசை, இன்சுலினின் உத்தரவுக்குக்கூடக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். "ஞாயித்துக்கெழம பென்னாகரத்துலயே பஸ்ஸ உட்டு எறங்கி ஏரியூருக்கு நடந்தே போவோம் மாமா."

"பாதி வழியில சித்தப்பா பைக்க எடுத்துட்டு வந்து ஏத்திக்குவாரு. அப்பறம் ஆடு?" என்றார் மாமா.

அக்காதான் சொன்னாள்: "வேண்டுதல்னு சொல்லிரலாம். வேல கெடைக்கற வரைக்கும் நடை, கவுச்சி கெடையாது, ஒரு தடவ போட்டதுதான் சாப்பாடு."

மாமா முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லுக்கும் புரதத்துக்கும் அடங்காத எங்கள் சனம், சாமி காரியத்தில் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிடும். நாளைக் காலை சித்தப்பாவுக்கு நான்தான் போன் செய்ய வேண்டும். எந்தச் சாமிக்கு என்று கேட்பார். அதை மூன்று பேரும் இன்னும் முடிவு செய்யவில்லை.