இரண்டாவது கிளாஸ்

அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ட். இன்று எட்டுச்செலவு, எட்டாம் நாள் படையல். இறந்தவரின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் அவருக்குப் பிடித்த சோறும் கணவாய்க் கறியும், பக்கத்தில் ஒரு விஸ்கிப் போத்தலும் இருக்கின்றன. பாரிஸிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த வைன் போத்தலை நானும் வைக்கிறேன். விஸ்கிக்குப் பக்கத்தில் அது ஏழையாகத் தெரிகிறது.

தந்துவிட்டவன் என் அறைத்தோழன், இறந்தவரின் தம்பி. அகதி வழக்கு முடியாததால் அவனால் பிரான்ஸை விட்டு வர முடியவில்லை. மருந்தடிக்காமல், பிறை பார்த்து வேலை செய்கிற ஒரு சின்னத் தோட்டத்தில் அவன் பிடுங்கிய திராட்சை இது.

இறந்தவரின் மனைவி கிளாசில் ஊற்றிப் பார்க்கிறார். வெளிர் சிவப்பு, கொஞ்சம் கலங்கல்.

“பழுதாப் போச்சோ?”

“இல்லை அக்கா. ஒண்டும் கலக்காததால இப்பிடித்தான் இருக்குமாம்.”

நான் இன்னொரு கிளாசிலும் ஊற்றி, படத்துக்கு முன்னால் அவர் வைத்த முதல் கிளாசுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

“இது அவன்ர. அண்ணையோட சேர்ந்து குடிக்கிற மாதிரி வைக்கச் சொன்னவன்.”

அவர் பதறிப்போய் அந்தக் கிளாசை எடுத்துவிடுகிறார்.

“உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் படைக்கக் கூடாது.”

இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறோம். எடுத்த கிளாஸ் இன்னும் அக்காவின் கையில்தான். பிறகு என்னிடம் நீட்டுகிறார். ஒரு வாய் குடிக்கிறேன். மெல்லிய புளிப்பு.

“அவன் போன் எடுத்துக் கேட்டால்,” என்கிறார், சாத்திய கதவைப் பார்த்தபடி, “ரெண்டு கிளாசும் பக்கத்தில பக்கத்தில வச்சது எண்டு சொல்லுங்கோ.”