மூன்றாவது பாட்டில்

தணிகாசலம் போன மாதம் இறந்தார். எங்கள் ஆய்வகத்தில் பதினாறு வருஷம் ஆற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். சம்பளப் பட்டியலில் அவர் ‘உதவியாள்’. நான் வேதியியல் படித்தவள் என்பதால் ‘ஆய்வாளர்’.

தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பாட்டிலை ஆற்றங்கரையிலேயே முடித்துவிட வேண்டும். தண்ணீர் நிரப்பி, இரண்டு மருந்துகளை விட்டு, மூடிக் குலுக்கினால் அடியில் வண்டல் இறங்கும். பழுப்பாக இறங்கினால் உயிர் இருக்கிறது. வெள்ளையாக இறங்கினால் ஒன்றுமில்லை. அளவெல்லாம் அப்புறம் ஆய்வகத்தில்தான். ஆனால் தணிகாசலம் நிறத்தைப் பார்த்துச் சொன்னது பெரும்பாலும் தப்பியதில்லை.

1994இல் அடையாற்றில் ஒரு வேலை வந்தது. கோட்டூர்புரம் பாலத்தடியில் ஒரு பாட்டில், அடையாறு பாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாட்டில், வாரம் ஒரு முறை. மேலே கோட்டூர்புரத்தில் இளம்பழுப்பு, கீழே அடையாறு பாலத்தருகே வெள்ளை. நாலு மாதமும் அதேதான். இரண்டுக்கும் நடுவில் கரையில் நூற்று நாற்பது குடிசைகள். ஆற்றைக் கெடுப்பது குடிசைகள்தான் என்று எங்கள் அதிகாரி பரத்வாஜ் அறிக்கை எழுத ஆரம்பித்தார். அது போய்ச் சேர்ந்தால் குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே எங்காவது கொண்டு வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் தணிகாசலம் மூன்றாவதாக ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வெள்ளை.

“இது எங்கே எடுத்தது?” என்றார் பரத்வாஜ்.

“குடிசைக்கு மேல சார். அங்க ஒரு மழத்தண்ணிக் கால்வா வந்து வுழுது. அக்கம்பக்கத்து ஃபிளாட்டு சாக்கடையெல்லாம் அதுலதான் வருது. கடல் ஏத்தத்துல வாய் முழுகிக் கெடக்கும், யாருக்கும் தெரியாது. வத்தத்துல போனா நல்லாத் தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அங்கதான சார் நான் கீறேன்.”

அதுவரை அவர் வீடு எங்கே என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பரத்வாஜ் பேனாவை மூடி, அதால் என்னைச் சுட்டினார். “நீயே அங்கே குடியிருக்கே. உன் பாட்டிலை நான் எப்படி எழுதறது? ஜானு போய் எடுக்கட்டும். நீ கிட்டக்கப் போகாதே.”

மறுநாள் விடியற்காலை, கடல் வற்றியிருந்த நேரத்தில் போனேன். கால்வாயின் வாய் தெரிந்தது. கரையெல்லாம் முழங்கால் அளவு கருஞ்சேறு. நான் புடவை கட்டியிருந்தேன். கயிறு கட்டிய வாளியை எறிந்து, இழுத்து, பாட்டிலில் ஊற்றினேன். மருந்து விட்டேன். பழுப்பு.

தணிகாசலம் தூரத்தில் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன். அவர் காட்டவில்லை.

“பட்டதாரி எடுத்தால் பழுப்பு, குடிசைக்காரன் எடுத்தால் வெள்ளை” என்று சிரித்தார் பரத்வாஜ். அறிக்கை தட்டச்சுக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்துப் பாட்டில் கழுவும் இடத்தில் தணிகாசலம் கேட்டார்: “வாளியில மொண்டு ஊத்துனீங்களாம்மா?”

“ஆமாம்.”

“ஊத்துறப்போ காத்து கலந்துக்கும். பாட்டில தண்ணிக்குள்ள சாச்சி அமுக்கி, உள்ளயே மூடணும். மூடிக்குக் கீழ குமிழி இருந்துச்சா?”

இருந்தது. ஒரு மிளகு அளவு. பார்த்தும் விட்டுவிட்டேன். முதலாண்டுச் செய்முறைத் தேர்விலேயே மதிப்பெண் போகிற தப்பு.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“கிட்டக்கப் போவாதன்னாரே. வந்து சொல்லிக்கினு இருந்தா, நான்தான் மாத்தினேன்னு ஆயிருக்கும்.” அவர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். “சேத்துக்குப் பயந்துகினீங்க. அவ்ளோதான்.”

பரத்வாஜிடம் போய்ச் சொன்னேன். “டைப் ஆயிண்டிருக்கு ஜானு. அடுத்த தடவை பார்க்கலாம்” என்றார். அடுத்த தடவை பார்க்கும்போது குடிசைகள் இருக்காது. களப் பதிவேட்டை எடுத்து, அவர் எதிரிலேயே என் வரியை மையால் அடித்தேன். ‘மாதிரி தவறாக எடுக்கப்பட்டது. வாளியிலிருந்து ஊற்றினேன். மூடியின் கீழ் காற்றுக் குமிழி இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“தப்புன்னு உன் பேர்லயே எழுதிக்கறியா? இது ஃபைலில் நிக்கும்.”

“நிக்கட்டும் சார்.”

அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு தட்டச்சு அறைக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை கடல் வற்றும் நேரம் பார்த்து மூவரும் போனோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. கரையிலிருந்து தணிகாசலம், “இன்னும் ரெண்டு அடி. ம்... இப்ப சாய்ங்க” என்றார். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூடி எடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குமிழி இல்லை. மருந்து விட்டதும் வெள்ளையாக இறங்கியது. பரத்வாஜ் பாட்டிலைப் பார்க்கவில்லை. கால்வாய் வாயிலிருந்து விழும் சாக்கடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அறிக்கையில் ஒரு பத்தி மாறியது. அட்டவணையில் ஓர் இடம் கூடியது.

குடிசைகளை யாரும் எடுக்கவில்லை. அந்தக் கால்வாயையும் யாரும் அடைக்கவில்லை. நாலு வருஷம் ஆகியும் அந்த இடத்துப் பாட்டில் வெள்ளைதான். தணிகாசலம் போன வாரம்வரை எடுத்த கணக்கு பதிவேட்டில் இருக்கிறது என்று எழுத வந்தேன். போன வாரம் இல்லை, போன மாதம்.

அவருக்கு நெஞ்சுவலி. ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் குடிசைக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் போனபோது சந்தில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, “யாரு இவங்க?” என்று கேட்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமுன் நாங்கள் சந்தித்ததில்லை.

“இவங்கதான் குமிழி அம்மா” என்றாள். “வழி வுடுங்க.”