கற்பனை என்று போட்ட கையெழுத்து

ராயபுரத்தில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துச் சுவரில் ஒரு நாள் கையால் எழுதிய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டவுனில் பெரிய சபாக்காரர்கள் நாடக விழா நடத்தும் அதே வாரத்தில், அங்கே இடம் கிடைக்காத குழுக்களுக்காக ரயில்வே லைனை ஒட்டிய மைதானத்தில் ஏழு நாள் நாடகம் நடக்கும் என்று போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். முன் அனுபவம் கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேடையும் திரையும் விளக்கும் அவர்கள் பொறுப்பு. வேஷமும் சாமானும் நம் பாடு. எந்த நாள், எந்த நேரம் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவாகும். நாடகத்தை இரண்டு பிரதி எழுதிப் போலீசில் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கி வர வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் நாள் முழுக்க. மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நோட்டீஸை என்னோடு நின்று படித்தவன் என் சிநேகிதன், ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். பள்ளிக்கூட நாளிலிருந்து மேடை ஆசை பிடித்தவன்.

"நீ எழுது மாமு, நான் நடிக்கறேன். ஆளுங்கள நான் இட்டாறேன்" என்றான்.

என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அது எட்டு மாதமாக உள்ளே இருந்தது.

எட்டு மாதம் முன்பு, பேரீச்சம்பழக் கூடைகள் வந்த கப்பல் ஒன்றில் சுமை தூக்கும் கயிறு அறுந்து ஒரு கூலித் தொழிலாளி செத்துப்போனார். கப்பலின் அடித்தட்டில் கூடைகளை அடுக்கிக் கட்டி மேலே அனுப்புகிற வேலை அவருக்கு. நான் மேல்தட்டில் நோட்டும் பென்சிலுமாக நின்றிருந்தேன். காலையிலேயே அந்தக் கயிறு ஓரிடத்தில் இழை இழையாகப் பிரிந்திருந்ததைப் பார்த்தேன். மேஸ்திரியிடம் சொன்னேன். "இந்தக் கப்பல் முடியட்டும், மாத்திக்கலாம்" என்றார். பத்து மணி சுமாருக்கு அந்தத் தொழிலாளி கீழிருந்து என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கூடையிலிருந்து சிந்திய பழங்களில் கொஞ்சத்தைப் பொறுக்கித் துண்டின் நுனியில் முடிந்துகொண்டிருந்தார். "பொண்ணுக்கு சார், எழுதிக்காத" என்றார். நானும் சிரித்தேன். அடுத்த தூக்கில் கயிறு போய்விட்டது.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். போவதற்கு முந்தின நாள் மேஸ்திரி என்னை டீக்கடைக்கு அழைத்துப் போய், "உனக்கு அந்த நேரம் முதுகு அந்தப் பக்கம் இருந்துச்சு, இல்லியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறந்தவர் குடித்துவிட்டு வந்து கவனமில்லாமல் தொங்கும் சுமைக்குக் கீழே நின்றார் என்று காகிதத்தில் முடித்தார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. குடிகாரன் என்றால் பாதி குற்றவாளி. காண்டிராக்டர் கையைக் கழுவிக்கொண்டார். தெருவில் அந்தக் குடும்பத்தின் பேர் கெட்டது. செத்துப்போனவர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முழங்கால் போட்டு உட்காருகிறவர். குடியின் வாசனைகூட ஆகாது.

இதைத்தான் எழுதினேன். பேர்களை மாற்றினேன், கப்பலை வேறு ஊர்த் துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். கயிறும் மேஸ்திரியும் பேரீச்சம்பழமும் அப்படியே இருந்தன. கயிற்றைப் பார்த்த கிளார்க் ஒருவனும் இருந்தான். என் நாடகத்தில் அவன் விசாரணையில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுகிறான். அந்தக் காட்சியை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அது ஒரு நல்ல அழுகை என்றே நினைத்துக்கொண்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் வைத்திருந்து கூப்பிட்டார். அரசியல் எதுவும் இல்லை என்பதில் அவருக்குத் திருப்தி. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இது எங்க நடந்துச்சு?"

"எங்கயும் நடக்கல சார். கதை."

"கதைன்னா கதைன்னு எழுதிக் குடு. நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத மேடையில நீயே படிக்கணும். நாளைக்கு எவனாவது வந்து என் கழுத்துல உக்காரக் கூடாது."

இந்த நாடகம் முழுவதும் கற்பனை, நடந்த சம்பவம் எதையும் குறிப்பதல்ல என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கம் பக்கமாக முத்திரை விழுந்தது. சீட்டுக் குலுக்கலில் எங்களுக்கு மூன்றாம் நாள், சாயங்காலம் ஆறு மணி, முதல் நாடகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மரம் அறுத்து விற்கும் மரத்தொட்டி ஒன்றின் கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். ஃபிட்டர்தான் செத்துப்போகிற தொழிலாளி. அவன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி ஒன்று நிஜமாகவே வேண்டும் என்று தேடிக்கொண்டு, என்னைக் கேட்காமல், யாரோ கைகாட்ட, நேரே நிஜமாகச் செத்துப்போனவரின் மனைவி வீட்டுக்கே போய்விட்டான். மாதா கோயிலுக்குப் பின்சந்தில் அவளும் ஏழு வயதுப் பெண்ணும் இருந்தார்கள். காசிமேட்டில் வலை பின்னிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கொக்கி எதற்கு என்று கேட்டிருக்கிறாள். அவன் சொல்லியிருக்கிறான். நாடகத்தில் சாகிறவர் அவள் புருஷன்தான் என்று அவனுக்குத் தெரியாது. அது கதை என்று அவனிடமும் நான் சொல்லியிருந்தேன்.

கொக்கியை எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். கொட்டகை வாசலில் நின்று ஒத்திகை முழுவதையும் பார்த்தாள். ஃபிட்டர் துண்டின் நுனியில் பழத்தை முடிந்தபோது அவள் கை வாயிடம் போனதைப் பார்த்தேன். எல்லோரும் டீ குடிக்கப் போனதும் என்னிடம் வந்தாள்.

"சார், இது கதையா?"

"ஆமாம்மா. கற்பனை."

"அவரு துண்டு எங்கையில குடுத்தாங்க. ரத்தத்தோட. முடிச்ச அவுத்தா உள்ள பேரீச்சம்பழம். நான் யார்கிட்டயும் சொல்லல. திருடன்னும் சொல்லிருவாங்கன்னு சொல்லல." கொக்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் கையிலிருந்த நாடகப் பிரதியை மூடினேன்.

"அப்போ கயிறும் நெசம்தான? நீ பாத்த. பாத்துட்டு அங்க சொல்லாம, இங்க வந்து சொல்லிக்கினு கீற."

நாடகத்தை நிறுத்திவிடுகிறேன் என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"நிறுத்தாத. எம் பொண்ண இட்டாந்து காட்டணும். அவங்கப்பன் குடிக்கலன்னு ஒரு எடத்துலயாவது யாராவது சொல்லட்டும்."

கொக்கியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒத்திகைக்குத் திரும்பிய ஃபிட்டர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா மாமு, பேஜாரா கீற?" என்றான். தலைவலி என்றேன்.

மூன்றாம் நாள் வெயில் இறங்கும் நேரம். மைதானத்தில் நல்ல கூட்டம். முன்வரிசையில் துறைமுகக் கூலிகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ரயில்வேக்காரர்கள் பின்னால் நின்றார்கள். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் அனுப்பிய கான்ஸ்டபிள் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் பிரதியைத் திறந்து வைத்திருந்தார். திரைக்கு முன்னால் போய் நின்றேன். கையில் இருந்த காகிதத்தைப் படிக்காமலே விட்டுவிடலாம். கிழித்துப் போட்டுவிட்டு, இது நடந்தது, நான் பார்த்தேன் என்று சொல்லலாம். இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லாமல் அப்படித்தான் தீர்மானித்து வைத்திருந்தேன். மேடையில் நின்றதும் மேஸ்திரியின் டீக்கடை முகம் ஞாபகம் வந்தது, வீட்டில் நிறைமாதமாக இருக்கிறவள் ஞாபகம் வந்தாள். படித்தேன். தடுமாறாமல், நல்ல உச்சரிப்போடு படித்தேன்.

நாடகம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. கிளார்க் எழுந்து உண்மையைச் சொன்ன இடத்தில் ரயில்வேக்காரர்கள் கைதட்டினார்கள். கூலிகள் உட்கார்ந்த பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் அந்தக் கப்பலில் வேலை செய்தவர். அவரும் விசாரணையில் என்னைப் போலவே எதையும் பார்க்காதவர்.

முடிந்ததும் அவள் கொக்கியைத் திரும்ப வாங்க மேடைக்குப் பின்னால் வந்தாள். கூலிகள் சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட ஃபிட்டர் முகச்சாயத்தோடு அவள் காலில் விழப் போனான். அவள் விலகிக்கொண்டாள். என்னிடம் மெதுவாகத்தான் பேசினாள்.

"எம் பொண்ணு கேக்கறா சார், கற்பனைன்னா இன்னான்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

மறுநாள் வேலைக்குப் போகாமல் தொழிலாளர் அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை எழுந்து வாசல்வரை வந்து திரும்பினேன். உள்ளே கூப்பிட்ட அதிகாரி பொறுமையானவர். பழைய ஃபைலைத் தேடி எடுத்துவரச் சொன்னார்.

"அன்னிக்கு ஒண்ணும் பாக்கலன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எது பொய்?"

"அன்னிக்குச் சொன்னது சார்."

"ஏன் சொல்லல?"

"பயம் சார்."

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பயம் என்பதையும் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அதை அவர் எழுதவில்லை. முடிந்துபோன விசாரணை, மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். ஒரு பிரதி கேட்டேன். என்னையே பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை அதை அவளிடம் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"மேடையில படிச்ச இல்ல? வா, இங்கயும் படி."

சந்தின் முனையில் குழாயடி. காலைத் தண்ணீருக்கு முப்பது பெண்களாவது குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அவள் புருஷனைக் குடிகாரன் என்று சொன்னவர்கள். அவள் குழாயை மூடினாள். சத்தம் அடங்கியது. நான் படித்தேன். கயிறு, மேஸ்திரி, நான் சொன்ன பொய், எல்லாம். பேரீச்சம்பழத்தை மட்டும் நான் வாக்குமூலத்தில் சொல்லவில்லை. குரல் நடுங்கியது, இரண்டு இடத்தில் நின்று போனது. யாரும் கைதட்டவில்லை. ஒரு பெரியம்மா, "இத்தினி நாளா இன்னாடா புடுங்கிக்கினு இருந்த?" என்றாள். குழாயை மூடியவளே திறந்துவிட்டாள். குடங்கள் நிறைய ஆரம்பித்தன.

மேலே அனுப்பிய காகிதத்துக்குப் பதில் வரவே இல்லை. அந்த வாரமே துறைமுகத்துக்குள் நுழையும் என் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. "பாவம், படிச்ச புள்ள" என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னாராம். பெண் பிறந்து ஐந்து மாதம் வேலையில்லாமல் இருந்தேன். பிறகு எண்ணூர்ப் பக்கம் ஓர் உப்பளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. மறுவருஷம் மைதானத்தில் மறுபடி விழா நடந்தது. ஃபிட்டர் ஒரு சிரிப்பு நாடகத்தோடு சேர்ந்தான். என்னைக் கூப்பிட்டான். நான் போகவில்லை.

அவளை அதற்குப் பிறகு ஒரு முறைதான் பார்த்தேன். திருவொற்றியூர் பஸ்ஸில். தீப்பெட்டி ஃபாக்டரியில் சேர்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மருந்து படிந்து பழுப்பாக இருந்தது. உப்பளத்தில் வெயில் எப்படி என்று கேட்டாள். குழந்தை நடக்கிறதா என்று கேட்டாள். மகள் நாலாம் வகுப்பு என்றாள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் இறங்கும் இடம் வந்ததும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள். பஸ் கிளம்பியபோது உட்கார இடம் காலியாகியிருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.