வாளியோடு போருக்குப் போன கிளெம்

கிளெம் வார்கோ கடலை முதன்முதலாகப் பார்த்ததே கடற்படையில் சேர்ந்த பிறகுதான். அவன் ஊரான வாராபினில் கோதுமை வயலையும் தூசியையும் விட்டால் வேறொன்றும் கிடையாது. போர்க்காலத்தில் கட்டிய காவல் கப்பல்களுக்கு ஆஸ்திரேலியச் சிற்றூர்களின் பெயரை வைத்தார்கள். ஒன்றுக்கு வாராபின் என்று பெயர் விழுந்ததும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் மாலுமிகள் அத்தனை பேருக்கும் காலுறை பின்னினார்கள். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த கிளெம், ஊரிலிருந்து அந்தக் கப்பலுக்குப் போன ஒரே ஆள். பேண்டு முழங்க அவனை ரயிலேற்றினார்கள்.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதும் கிளெமுக்குக் குமட்டியது. அதற்கப்புறம் நிற்கவேயில்லை. வாராபின் அப்படி. குளியல் தொட்டியில் மிதக்கவிட்டாலும் புரளும்.

நியூகினிக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போவது அதன் வேலை. மந்தையைச் சுற்றும் நாயைப்போல அலைந்துகொண்டே இருக்கும். ஒருமுறை நீர்மூழ்கி என்று நினைத்துக் கடலுக்குள் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். மேலே வந்ததெல்லாம் செத்த மீன். ஒரு கையில் வாந்தி வாளியும் மறு கையில் கரண்டியுமாகக் கப்பல் சமையல்காரன் கிளெம் அதையே பொரித்துப் போட்டான்.

"டேய் கிளெம், வாளி எது, சட்டி எதுன்னு பாத்துப் பரிமாறுடா!" என்று கொதிகலன் அறை டஸ்டி கத்துவான்.

"உனக்கு மட்டும் மாத்தி ஊத்துறேன், இரு."

டிசம்பரில் ஒருநாள் கப்பல் ஆடிய ஆட்டத்தில் குழம்பு மொத்தமும் தரையில் போயிற்று. கேப்டன் ஸ்டாண்டிஷ் கூப்பிட்டனுப்பினார்.

"வார்கோ, உனக்குக் கடல் ஒத்துக்கல. டவுன்ஸ்வில் துறைமுகம் போனதும் இறங்கிடு. கரையில சமையல் வேலை போடச் சொல்றேன்."

"பழகிடும் சார்."

"ஒரு வருஷத்துக்கு மேலா பழகிட்டிருக்கியேப்பா!"

கிளெம் வெளியே வந்தான். காலுறை பின்னியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

டவுன்ஸ்வில்லுக்கு முன்னால் கிறிஸ்துமஸ் வந்தது. அன்றைக்குக் கடற்படை வழக்கப்படி கப்பலில் வயதில் இளையவன் கேப்டனின் சட்டையைப் போட்டுக்கொள்வான். அவன் வேலையைக் கேப்டன் செய்ய வேண்டும். இளையவன் கிளெம்தான். போன கிறிஸ்துமசுக்குக் கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. இந்த முறை நடுக்கடல்.

"மத்தியானம் வரைக்கும்தான் நீ கேப்டன். எதையும் தொட்டுடாதே," என்று எச்சரித்துவிட்டுத் துணைக் கேப்டன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மேல்தளத்தில் கிளெமின் முகத்தில் நல்ல காற்று அடித்தது. குமட்டல் போன இடம் தெரியவில்லை. கீழே அடுப்புச் சூட்டுக்கும் கொழுப்பு நாற்றத்துக்கும் நடுவே ஸ்டாண்டிஷ் பன்றித் தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் டஸ்டி மூச்சிரைக்க ஏறி வந்தான். "கேப்டன் சார்! சமையக்காரர் உங்க வாளியக் கேக்குறாரு!"

கிளெம் இறங்கிப் போனான். முகம் வெளிறி, வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஸ்டாண்டிஷ்.

"இது அடுப்பங்கரையா, ஊஞ்சலா? தினமும் இதுக்குள்ளயா சமைக்கிறே?"

"பழகிடும் சார்."

வாசலில் கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டாண்டிஷுக்கும் சிரிப்பு வந்தது. கிளெமுக்குத் திடீரென்று ஒரு துணிச்சல். எல்லாம் சட்டை கொடுத்த துணிச்சல். தொண்டையைச் செருமினான்.

"கேப்டன் உத்தரவு. இந்தக் கப்பல் சமையக்காரன யாரும் கரையில இறக்கக் கூடாது."

"உத்தரவு சார்," என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டிஷ் மறுபடியும் வாளிக்குள் தலையை விட்டார்.

மத்தியானம் சட்டை கைமாறியது. உத்தரவு மாறவில்லை.

போர் முடிந்து, கடலில் மிச்சமிருந்த கண்ணிவெடிகளையும் வாரிய பிறகு வாராபினைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். அதுவரை கிளெம் குமட்டிக்கொண்டே சமைத்தான். ஊர் திரும்பியவனைப் பேக்கரி வாசலில் காலுறைக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"கப்பல்ல நீ என்னவா இருந்தே, கிளெம்?"

கையோடு கொண்டுவந்திருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"கேப்டனா இருந்தேன்க்கா. மத்தியானம் வரைக்கும்."